என் வீட்டுக்காரர் ஒரு தடவை முதலில் வந்தார்

என் வீட்டுக்காரர் பெயர் ஜெங்கிஷ். எங்கள் பேச்சில் அதற்கு வெற்றி என்று பொருள். பெரிய போர் முடிந்ததைக் கொண்டாடுகிற மே மாத விடுமுறையன்று பிறந்தார் என்பதற்காக என் மாமனார் வைத்த பெயர். பாவம், அவருக்கு என்ன தெரியும். பெயரை வைத்த கையோடு வெற்றி தன் வேலை முடிந்தது என்று கிளம்பிப் போய்விட்டது. பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

நான் சூராகான். அந்த மனிதரோடு குப்பை கொட்டியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் தோல்வியைப் பற்றி என்னிடம் கேட்கலாம். தோல்வி என்றால் எல்லாம் ஒரே சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆலங்கட்டி மழை மாதிரி தலையில் வந்து விழுகிற தோல்வி ஒன்று. கதவைத் திறந்து, தேநீர் ஊற்றி, "வா, உட்கார்" என்று நாமே அழைத்து வருகிற தோல்வி வேறொன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டுமே வந்து போகும்.

தேனீ வளர்த்தார். தேனீக்கள் கொஞ்ச நாள் எங்கள் பெட்டியில் இருந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஒரொஸ்பாயின் பெட்டிக்குக் குடிபோய்விட்டன. அன்று முதல் எங்கள் தேனீக்களின் தேனை அவரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கென்று மேய்ச்சல் நிலத்தில் கம்பளிக் கூடாரம் ஒன்று போட்டார். முதல் விருந்தாளிகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று வந்து கூடாரத்தைத் தூக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது. விருந்தாளிகள் தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இதுவும் எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

குதிரையில் போய்ச் செத்த ஆட்டைப் பறித்து எதிரணியின் கொப்பரையில் போடுகிற ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை ஆடு அவர் கைக்கு வந்தது. யாரும் தடுக்கவில்லை. காற்றாகப் போய்க் கொப்பரையில் போட்டார். ஏன் யாரும் தடுக்கவில்லை என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. அது எங்கள் ஊர்க் கொப்பரை. எதிர் ஊர்க்காரர்கள் நன்றி மறவாதவர்கள். போகும்போது அவருக்கு ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் விசேஷங்களுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறார். நல்ல தொப்பி, குறை சொல்ல முடியாது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் நான் சொல்வேன்: யானைக்கு எப்போதாவதுதான் சறுக்கும். இவருக்குச் சறுக்குவதுதான் நடை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் ஊர் அவர் தலையில்தான் கட்டியது. யாருடைய குறை என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஊருக்கு டாக்டர் எதற்கு.

இப்படியிருக்க, என் தம்பி மெலிஸுக்கு வெகுகாலம் கழித்து ஒரு மகன் பிறந்தான். திலெக் என்று பெயர் வைத்தார்கள். அவன் எழுந்து நிற்கத் தொடங்கியதும் கயிறு வெட்டும் விழா வந்தது. பிள்ளையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேருகிறவர் கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்ட வேண்டும். வெட்டுகிறவர் எப்படியோ பிள்ளையும் அப்படி வருவான். இதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

விழாவுக்கு முந்தின நாள் மெலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. மாமாவை நாளைக்கு ஓட வேணாம்னு சொல்லிடு."

"உங்க மாமா ஓடி எந்தக் காலத்துல ஜெயிச்சாரு? ஆமை கூட நின்னு இவருக்கு வழி விடும்."

"அது தெரியும் அக்கா. தப்பித்தவறி ஜெயிச்சுட்டா?"

கயிற்றை வெட்டுவதற்கு ஆள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பெய்ஷென் என்று ஒருவர், ஒரு காலத்தில் மல்யுத்தத்தில் ஜெயித்துக் குதிரையைப் பரிசாக வாங்கியவர், இப்போது மூன்று கடை வைத்திருக்கிறார். மல்யுத்தம் போனாலும் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் மற்றவர்கள் எல்லாரும் காலைக் கட்டிப்போட்ட மாதிரி மெதுவாக ஓட வேண்டும் என்று ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான் ஓடல மெலிஸ். என் மருமகன் என்னை மாதிரி வரணும்னு எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்றார் சிரித்துக்கொண்டே.

சிரித்துக்கொண்டே போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். குதிரை போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் வாளியைப் பிடித்தபடி நின்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள், அவர் ஓடாமல் இருக்கவும் வேண்டும், மனம் நோகாமல் இருக்கவும் வேண்டும் என்று அவருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். வாய்க்கால் ஓரத்து நெட்டிலிங்க மரத்தடியில் நின்று, கைக்குட்டையை வீசி ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற பதவி. அவரும் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பொரித்த ரொட்டித் துண்டுகளைச் சட்டைப் பை நிறைய அடைத்துக்கொண்டு போய் நின்றார். அதே மரத்தில் விருந்தாளி ஒருவர் பரிசாகக் கொண்டுவந்த ஆட்டுக்கிடாயைக் கட்டியிருந்தார்கள். கட்டியது யார் என்று கேட்காதீர்கள்.

கைக்குட்டை விழுந்தது. ஆண்கள் கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஓடத் தொடங்கினார்கள். பெய்ஷென் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் காலை இழுத்து இழுத்து வைத்தார்கள். அப்போது முடிச்சு அவிழ்ந்தது. கிடாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் கிடாயைப் பார்த்தார்.

அந்த மனிதருக்குள் அப்படி ஓர் ஓட்டம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஓடியவர்களையெல்லாம் தாண்டி, பெய்ஷெனைத் தாண்டி, நேராகப் பிள்ளை நின்ற கம்பளத்தில் வந்து விழுந்தார். துரத்தி வந்த கிடாய் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. பிள்ளையை விட்டால் அங்கே சிரித்த ஆள் யாரும் இல்லை. மெலிஸின் முகம் வெளுத்துவிட்டது.

முரதாலி என்று எங்கள் ஊர்ப் பெரியவர், எந்த வழக்குக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறவர், தாடியைத் தடவினார்.

"பந்தயத்துல ஓடினாத்தான் கணக்கு. இவரு ஆட்டுக்குப் பயந்து ஓடினாரு. பெய்ஷென், நீ வந்து கத்தியை எடு."

"பெரியவர் சொல்றது சரிதான். நான் ஓட்டத்துலயே இல்ல" என்று என் வீட்டுக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டினார். மூச்சு வாங்கியதில் சிரிப்பு சரியாக வரவில்லை. பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

ஊரே அவரைக் கேலி செய்யும்போது வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். சொல்லப்போனால் பாதிக் கேலியை ஆரம்பித்து வைப்பதே நான்தான். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"நில்லுங்க" என்றேன். "காத்துல கூடாரம் பறந்தப்ப, அது காத்தோட தப்புன்னு யாராவது சொன்னீங்களா? தேனீ ஓடினது தேனீயோட தப்புன்னு சொன்னீங்களா? எல்லாத்தையும் இவரு தோத்தாருன்னுதானே கணக்கு வச்சீங்க? தோத்தா மட்டும் இவரு தோத்தாரு, ஜெயிச்சா ஆடு ஜெயிச்சதா? இது எந்த ஊரு நியாயம் பெரியவரே?"

முரதாலி மறுபடி தாடியைத் தடவத் தொடங்கினார்.

"சூரா, விடு" என்றார் என் வீட்டுக்காரர். "பிள்ளை விஷயம்."

அப்போது குல்பார்ச்சின், மெலிஸின் பெண்டாட்டி, தட்டிலிருந்த கத்தியை எடுத்தாள். அதிகம் பேசாத பெண். எடுத்து, என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நீட்டினாள்.

"அண்ணே, நீங்க வெட்டுங்க."

"வேணாம்மா. அப்புறம் நாளைக்கு எது நடந்தாலும் உனக்கு இதுதான் ஞாபகம் வரும்."

"இவனுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நான் வெறுங்கையோட ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தேன்ல. எல்லாரும் வந்தாங்க. அதைச் சாப்பிடாதே, இதைத் தூக்காதே, அந்தக் கல்லறைக்குப் போய்க் கும்பிடுன்னு சொன்னாங்க. நீங்க ஒரு டப்பாத் தேனோட வந்து, ஒண்ணுமே சொல்லாம, அடுப்புக்குச் சாணி வறட்டி போட்டுட்டுப் போவீங்க. தோத்தவங்க வீட்டுல எப்படி உக்காரணும்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. என் பையனுக்கு அது வந்தாப் போதும். வெட்டுங்க அண்ணே."

நான் அழுதேன். மெலிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

என் வீட்டுக்காரர் மண்டியிட்டார். முதல் வெட்டு கம்பளத்தில் விழுந்தது. அது குல்பார்ச்சினின் சீர்க் கம்பளம். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். இரண்டாம் வெட்டில் கயிறு அறுந்தது. பிள்ளையின் கையில் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து, கையைத் தட்டி, அம்மாவிடம் போ என்று எல்லாரும் சொன்னார்கள்.

திலெக் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தான்.

"ஆரம்பிச்சுட்டான்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எங்கள் ஊர்க் கொப்பரை எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் ஆடி அசைந்து, ஒரு தடவை விழுந்து எழுந்து, நேராகக் கிடாயிடம் போனான். மெலிஸ் பாய்ந்தான். அதற்குள் பிள்ளை கையை நீட்டிவிட்டான். கிடாய் குனிந்து, அவன் விரல்கூடப் படாமல் ரொட்டித் துண்டை வாயில் வாங்கிக்கொண்டது. மென்றது. இன்னொன்று இருக்கிறதா என்று என் வீட்டுக்காரரின் பையைப் பார்த்தது.

மரத்தடியிலிருந்து கம்பளம் வரை அது அந்த ரொட்டிக்காகத்தான் அவரைத் துரத்தியிருக்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெய்ஷென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"பாத்தியா சூரா" என்றார், "ஓடாம நின்னு, அது கேட்டதைக் கொடுத்துட்டான். கொஞ்சம்கூட என்னை மாதிரி இல்ல."