வேகாத கால்

சடையப்பனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று மரக்காணத்தில் விடியலிலிருந்தே மழை. அடுக்கிய விறகெல்லாம் நனைந்து ஊறிப்போய், எண்ணெய் ஊற்ற ஊற்றப் புகைந்ததே தவிர நெருப்புப் பிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு விஜயலட்சுமியின் மகன் பாலகுரு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு யாரும் சொல்லாமலே வீட்டுக்குப் போய், தார்ப்பாய்க்கு அடியில் அவன் அம்மா சேர்த்து வைத்திருந்த காய்ந்த சவுக்குக் கட்டையை பைக்கில் கட்டி மூன்று நடை கொண்டுவந்து போட்டான். அதன் பிறகுதான் நெருப்பு நின்று எரிந்தது. எல்லாம் எரிந்து அடங்கும்வரை மழையிலேயே நின்றிருந்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. சடையப்பனின் மனைவி பாக்கியலட்சுமிக்கு, அவர் அண்ணன் தட்சணாமூர்த்தி சொல்லித்தான் இது தெரியும். அன்றிலிருந்து அம்மனுக்கு விளக்கேற்றும்போது, மகளுக்கு வேண்டிக்கொண்ட கையோடு அந்தப் பையனுக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள்.

நான்கு வருஷத்தில் அந்தப் பையன் வீடியோ போடுகிறவன் ஆனான்.

எந்த மாதிரி வீடியோ என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "இதைப் பார்த்தா இன்னிக்கு நீங்க சோறு சாப்பிட மாட்டீங்க" என்று ஆரம்பிப்பான். பார்த்துக்கொண்டே போனால் உப்பளத்தில் உப்பு வாருவார்கள், அவ்வளவுதான். "மரக்காணம் கடல்ல ஒதுங்குனது என்னா தெரியுமா?" என்று கண்ணை உருட்டுவான். ஒரு பிளாஸ்டிக் டிரம் கிடக்கும். அந்த டிரம்மைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதற்கு ஒரு அம்புக்குறி. வைத்த கண் வாங்காமல் பார்த்தவனுக்குக் கிடைத்தது அந்த அம்புக்குறிதான். டீக்கடையில் உட்கார்ந்தால்கூட, "ஒரு நிமிஷம், இதைக் கேக்காம போயிடாதீங்க" என்றுதான் வாயைத் திறப்பான். கேட்க நின்றால், டீயில் சர்க்கரை கம்மி என்பான். பெற்ற தாயே அவன் பேச ஆரம்பித்தால் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள்.

ஒரு நாள் பாக்கியலட்சுமி வேலை செய்யும் உப்பளத்துக்கே வந்து அவளிடம் தன் தொழிலை விளக்கினான்.

"எல்லாரும் கட்ட வெரலால தள்ளிக்கினே போவாங்க அத்தே. மொத மூணு செகண்ட்ல அந்த வெரல நிறுத்திடணும். நிறுத்திட்டா ஜெயிச்சோம்."

"நிறுத்திட்டு என்னாப்பா சொல்லுவ?"

அவன் யோசித்தான். அதைப் பற்றி அதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "அது அப்பறம் பாத்துக்கலாம் அத்தே" என்றான்.

பிறகு அவளுடைய காலைப் படம் எடுக்க வேண்டும் என்றான். உப்புத் தண்ணீரில் இருபத்தைந்து வருஷம் நின்ற கால், பாளம் பாளமாக வெடித்த கால். அதை ஊருக்குக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் மழையில் மூன்று நடை கட்டை சுமந்து வந்தவனிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தி ஓரமாக நின்றாள்.

மூன்று நாள் கழித்து வீடியோ வந்தது. உடன் வேலை செய்யும் சுரையா தன் போனில் காட்டினாள். முதலில் பாக்கியலட்சுமியின் கால். அடுத்து, கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து எடுத்த சடையப்பன் முகம். மேலே பாலகுருவின் குரல்: "இந்தக் கால் நெருப்புல வேகாது. இவர் செத்தப்ப என்னா நடந்துச்சு தெரியுமா?" உப்பளத்துக்காரன் கால் மட்டும் சிதையில் வேகாமல் கிடந்த கதை, வேறு ஏதோ மாநிலத்து வீடியோவில் வந்ததாம். அதை அப்படியே தூக்கிச் சடையப்பன் காலில் மாட்டிவிட்டான். அந்தச் சிதையின் நெருப்பு அணையும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தவன் இவன். வாய் கூசவில்லை.

சுரையா போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அல்லாவுக்குத் தெரியும்க்கா" என்றாள்.

அவளோடு உப்பளத்தில் நின்ற சடையப்பனின் காலைப் பாக்கியலட்சுமிக்குத் தெரியும். விளக்குக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த நல்லெண்ணெயை அவர் வெடிப்புகளில் அவளே தடவி விட்டிருக்கிறாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. யாரையும் ஒரு சொல் சுடச் சொல்லாத மனுஷன். செத்தவன் கட்டை வேகாது என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவம் செய்தவன், அல்லது ஆசை அடங்காமல் செத்தவன்.

பெருமுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட மகள் கலைமதி போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். அவள் மாமியார், கட்டை வேகாத வீட்டில் பிரசவம் பார்க்க வேண்டாம், வளைகாப்புக்குப் பிறகு அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லும்போது மகள் அழவில்லை. அதுதான் பாக்கியலட்சுமிக்குத் தாங்கவில்லை. தட்சணாமூர்த்தி நேரில் போய் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு ஆளுக்கு நீங்கள் பரிந்துதானே பேசுவீர்கள் என்று அனுப்பிவிட்டாள். பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோ ஒரு பக்கம், ஒரு கிழவர் வாய்ச்சொல் ஒரு பக்கம்.

பாக்கியலட்சுமி பாலகுரு வீட்டுக்கே போனாள். வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். ஓடுகிற வீடியோவை எடுத்தால் சேனலே படுத்துவிடும் என்று டாக்டர் போலப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். வேண்டுமானால் கடைசியில், இது மக்கள் நம்பிக்கை, உண்மை இல்லை என்று ஒரு வரி சேர்க்கிறேன் என்றான்.

"கடைசி வரிக்கும் யாருப்பா பாக்கறாங்க? நீதான சொன்ன."

அவன் சிரித்தான். தன் பாடத்தை அவள் ஞாபகம் வைத்திருந்ததில் அவனுக்கு ஒரு பெருமை. இப்படியும் ஒரு பிறவி.

அன்று விளக்கேற்றும்போது அவன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் திரும்பவும் கால் வரவில்லை. கட்டையைப் போட்டவனும் அவன்தானே என்று அவனுக்கும் சேர்த்து, பெயர் சொல்லாமல் கும்பிட்டாள்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். மற்றவர்கள் எடுக்கும் வீடியோவுக்கெல்லாம் முதல் மூன்று செகண்ட் மட்டும் இவன் எழுதித் தர வேண்டுமாம். அதற்குச் சம்பளம், தங்க இடம். புதுச் சட்டை, புதுப் பை. அவள் கையில் மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பொட்டலம். அவள் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றாள், பெருமுக்கல்லில் இறங்க. நாளை மறுநாள் வளைகாப்பு.

"பாலு, பெருமுக்கல் வரிக்கும் வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுப்பா. நீ கட்ட கொண்டாந்து போட்டத, நல்லா எரிஞ்சத. நீ சொன்னா நம்புவாங்க. அடுத்த பஸ்ல நீ மெட்ராஸ் போய்க்கோ."

அவன் ரோட்டைப் பார்த்தான். சென்னை பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறினவன், என்ன நினைத்தானோ, கீழே இறங்கி அவள் காதருகே குனிந்தான். மனசு மாறிவிட்டான் என்றே அவள் நினைத்தாள்.

"அத்தே, அந்தக் கட்டைய நான்தான் எடுத்தாந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வீடியோ பொய்யாயிடும்."