நம்பாதே என்று நடத்திய பாடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட்டை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ தெரியாது. சாரம் பகுதியில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், கம்ப்யூட்டர் டீச்சரான என் தலையில்தான் அதைக் கட்டினார்கள். இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று தொண்டை வறளக் கத்துவேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆர்வத்தில் அல்ல, தூக்கத்தில்.

"இப்போ யார் குரல்லயும் கம்ப்யூட்டர் பேசும். நானே போன் பண்ணி ஓடிபி கேட்டாலும் சொல்லாதீங்க. வீட்ல ஒரு ரகசிய சொல் வெச்சிக்குங்க. வெளி ஆளுக்குத் தெரிஞ்சிட்டா உடனே மாத்திடுங்க" என்றேன். சுவரிடம் பேசியது மாதிரி இருந்தது.

அந்த வகுப்பில் வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தி, பெங்களூரில் நடக்கும் அறிவியல் முகாமுக்குத் தேர்வானாள். ஊரைத் தாண்டிப் போனதே இல்லை. சேதி தெரிந்ததிலிருந்து அவள் கால் தரையில் படவில்லை. பதிவுக்குக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு இணையதளம் மூடிவிடும். அன்று மூன்று மணிக்கு நான் எல்லாவற்றையும் நிரப்பி முடித்தேன். ஓடிபி அவள் அம்மாவின் போனுக்குப் போனது. கடற்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டேன்.

"நான் உங்க பொண்ணோட கம்ப்யூட்டர் டீச்சர்மா. போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்து சொல்றீங்களா?"

"டீச்சர் கொரல்லயே பேசுவீங்கன்னு எம்பொண்ணு சொல்லிச்சி. திருட்டுப்பயலே, வைடா போனை!"

என் எண்ணை பிளாக்கும் செய்துவிட்டார். தலைமையாசிரியையின் போனில் மகளையே பேசவைத்தேன். அம்மா ரகசிய சொல்லைக் கேட்டார். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மிஸ், நீங்க வெளிய போங்க. பெரிய மிஸ்ஸும்தான்."

தன் அறையிலிருந்தே துரத்தப்பட்ட தலைமையாசிரியை, வராந்தாவில் என்னை முறைத்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் அழாத குறையாக எட்டிப் பார்த்தாள்.

"சொல்லு சரிதானாம் மிஸ். ஆனா யாராச்சும் மிரட்டி சொல்ல வெச்சிருந்தா இன்னா பண்றதுன்னு கேக்குறாங்க. நேர்ல வரணுமாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழியெல்லாம் "நாலு ஆயிடுமா மிஸ்?" என்று என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தாள்.

படகுகளுக்குப் பக்கத்தில் சங்கரா மீன் கூடையோடு அம்மா உட்கார்ந்திருந்தார். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வருவார் என்பதால் என்னை இவர் பார்த்ததே இல்லை. மேலும் கீழும் அளந்தார்.

"டீச்சர்னா அந்த சொல்லு இன்னான்னு சொல்லுங்க."

"உங்க வீட்டு ரகசியம் எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நெஜ டீச்சரா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மிஸ்தாம்மா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. மிரட்டி இட்டாந்திருந்தா?"

நாலடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு கிராக்கி வந்து மீனைக் கிளற, அம்மா அந்தப் பக்கம் திரும்பினார். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் காதில் சொன்னாள்.

"கோச்சிக்காதீங்க மிஸ். கொட்டாவின்னு சொல்லுங்க. கிளாஸ்ல உங்களுக்கு அதான் பேரு."

வலித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே வலித்தது. ஆனால் பெங்களூர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பியிருந்தது.

"கொட்டாவி" என்றேன்.

"காதுல வுழல, சத்தமா!"

"கொட்டாவி!"

மீன் விற்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருத்தி நிஜமாகவே கொட்டாவி விட்டாள். வரிசை முழுக்க அது பரவியது.

"வாங்க டீச்சர், வெயில்ல நிக்கிறீங்களே!" என்று அம்மா உருகிப்போனார். நான் மறுபடி ஓடிபி அனுப்ப, பாலித்தீன் கவரில் சுற்றிய போனை மகளிடம் நீட்டினார். அவள் அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, எண்ணை என் போனில் தானே அடித்தாள். எட்டிப் பார்த்த என்னை முறைத்தாள். பதிவு முடிந்தது என்று வந்ததும் அவள் போட்ட கூச்சலில் காக்காய்கள் பறந்தன.

கூச்சல் அடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், அந்தப் படகாண்ட போய் திரும்பி நில்லுங்க. வெளி ஆளுக்குத் தெரிஞ்சிடுச்சி, சொல்லை மாத்தணும்."

போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவும் மகளும் கிசுகிசுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். புதிய சொல்லும் என்னைப் பற்றியதுதான், சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.