ஓசியில் வந்த பென் டிரைவ்

2010களின் தொடக்கத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. மைன்ஸில் எனக்குப் பெர்மனென்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம். ஒரே மெஷினுக்குள் நாலு கம்ப்யூட்டர்களை ஓடவிடும் சர்வர் ஒன்றை வீட்டிலேயே அமைத்திருந்தேன். ஃபைல்களுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கியவன், மெஷின் பூட் ஆகிக் கிளம்புவதற்கு மட்டும் ஏதோ மீட்டிங்கில் ஓசியில் கொடுத்த பென் டிரைவைச் செருகினேன். ஒருமுறை ஆன் ஆகிவிட்டால் அது பெரிதாகத் தேவைப்படாது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் கரண்ட் எங்கே போகப்போகிறது என்ற திமிர் வேறு. இரண்டு வருடம் மெஷினை அணைக்கவே இல்லை.

என் ஷிஃப்டில் பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர் ஒருவர் கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். குழந்தை பிறந்த சில மாதங்களில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். அந்த அம்மா குழந்தையைக் கொஞ்சிப் பேசும் வீடியோ ஒன்று இவர் போனில் இருந்தது. "இந்தப் போன நம்ப முடியாதுங்க சார், உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்று கொடுத்தார். பெருமையாக வாங்கி வைத்தேன்.

அந்த வருடம் அடித்த புயலில் டவுன்ஷிப்பிலேயே கரண்ட் போனது. அவர் வீட்டுக் கூரை பறந்து, போன் மழையில் ஊறிப் பாழானது. கரண்ட் வந்ததும் ஓடிவந்தார். "வீடியோ இருக்குதுங்களா சார்?"

மெஷின் கிளம்பவில்லை. பென் டிரைவ் எப்போதோ செத்திருக்கிறது. அணைக்காததால் எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் வீடியோ ஹார்டு டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தது. புது பென் டிரைவில் சிஸ்டத்தை நிதானமாக இன்ஸ்டால் செய்திருந்தால் போதும். அவர் பக்கத்திலேயே நிற்கிறாரே என்ற வெட்கத்தில் அவசரப்பட்டு, அதற்குப் பதில் வீடியோ இருந்த பெரிய டிஸ்கைத் தேர்ந்தெடுத்து எண்டரைத் தட்டிவிட்டேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வந்தது, படிக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன்.

ஒரு வாரம் போராடியும் மீட்க முடியவில்லை. பழியைப் பென் டிரைவ் மேல் போட்டிருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "நான்தான் அழிச்சிட்டேன்" என்றேன். "அவ கொரலு எனக்கு காதுலயே இருக்குதுங்க சார். புள்ளைக்குத்தான்..." என்று பாதியில் விட்டு வெளியே நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு இரண்டு நல்ல எஸ்எஸ்டி டிரைவ் வாங்கி, ஒன்று போனாலும் மற்றது மெஷினை எழுப்பும்படி வைத்தேன். மாதம் ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்க்கிறேன்.

சில மாதம் கழித்து, மகள் நடை பழகும் வீடியோவோடு அவர் வந்தார். "இதையும் வச்சிருங்க சார்." என்னிடமா என்று கேட்டேன். "நீங்க மறைக்கலீங்களே" என்றார்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் வீடியோக்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அவள் அம்மாவின் குரலை மட்டும் என்னால் அவளுக்குத் திருப்பித் தரவே முடியாது.