சனிக்கிழமை நண்டு

அன்னவாசல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த திலகவதி, பன்னாட்டு வணிகத்தில் ஆய்வு செய்ய வந்தபோது கடலைப் பத்துத் தடவைகூடப் பார்த்ததில்லை. இருந்தும் மீமிசல் கரையில் இரண்டு ஆண்டுகள் நண்டு விலை சேகரித்தாள். அமெரிக்காவில் தேவை கூடியதால் கரையிலும் விலை ஏறியது என்பது அவள் கண்ட முடிவு. ஆய்வேட்டை அந்த மாதமே கொடுத்தால்தான் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

தட்டச்சு முடிந்த பிரதியைப் புதுக்கோட்டை கல்லூரி கேன்டீனில் பிளெஸ்ஸியிடம் காட்டினாள். பிளெஸ்ஸி அதே துறையில் அவளுக்கு இளையவள், மீமிசல்காரி, வீட்டில் படகு உண்டு.

"ஏக்கா, மொத வருசம் என்னைக்கு எங்கூருக்கு வந்தீங்க?"

"ஞாயித்துக்கெழம."

"அடுத்த வருசம்?"

"சனிக்கெழம. ஞாயிறு என்னைத் தொலைநிலை கிளாஸ் எடுக்கப் போட்டுட்டாங்களே."

பிளெஸ்ஸி வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப அமெரிக்காக்காரன் வெலைய ஏத்தலக்கா. நீங்கதான் ஏத்திருக்கீங்க."

அந்தக் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றிக் கடலுக்குப் போகும். ஞாயிறு காலை வருவது விசைப்படகு நண்டு. இழுவலையில் நசுங்கியது, விலை குறைவு. சனிக்கிழமை வருவது நாட்டுப்படகு நண்டு. உயிரோடு வரும், விலை அதிகம். திலகவதி இரண்டையும் ஒரே நண்டாக எண்ணியிருந்தாள்.

அன்று சாயங்காலமே நெறியாளர் ரகுநாத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கே தெரியல. வெளியூர் பரிசோதகருக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது? குடுத்தா பாஸாயிரும்மா."

"குடுக்கவா சார்?"

"பேரு உங்க பேரு. ஆனா வேல போச்சுன்னு என்னத் திட்டக் கூடாது."

வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நண்டு விலை அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து உருவி எடுத்தாள். வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த ஆண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரையில் நின்றாள். சனிக்கு வகுப்பில்லை, ஞாயிறு வகுப்புகளை ரகுநாத் தாமே எடுத்தார், கேட்காமலே. அமெரிக்க விலை ஏறினால் நாட்டுப்படகு நண்டு விலை மட்டுமே அசைந்தது. விசைப்படகு நண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஏன் என்று கேட்டுப் போனதில், நாட்டுப்படகு நண்டை மட்டும் வாங்கி, சதையைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆலைகளும் அவற்றில் வந்து இறங்கிய வெளிநாட்டு முதலீடும் அவளுடைய வாழ்நாள் ஆய்வாயின. முதல் கட்டுரையைப் படித்த ரகுநாத், "பரவாயில்ல" என்றார். அவரிடம் அதற்கு மேல் வாங்கியவர் இல்லை.

கையிலிருப்பதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது எளிது. கையிலிருந்ததைத் தட்டிவிட்டவருக்குச் சொல்லக் காலம் பிடிக்கிறது. திலகவதிக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. போன தை மாதம் வந்த அவளுடைய நூலில் நன்றியுரையின் முதல் பெயர் பிளெஸ்ஸி, இரண்டாவது ரகுநாத்.

பிளெஸ்ஸி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "நான் என்னக்கா செஞ்சேன்? சிரிச்சேன்."

"அதுக்குத்தாண்டி."

"அப்ப இந்தப் பொஸ்தகத்தையும் படிச்சுட்டுச் சிரிக்கவா?"

திலகவதி நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தாள். "மொத அத்தியாயத்துலருந்து ஆரம்பி" என்றாள்.