மண்டப வாசலில் மாற்றிய ஆயில்

பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது மெக்கானிக் முருகனிடமிருந்து அழைப்பு வந்தது. மணி அடித்ததும் வெளியே வந்து பேசினேன். "டீச்சர், ஆயிஷாக்கா காலையில தவறிட்டாக." நெஞ்சுவலியாம்.

சாத்தூரில் அக்காவின் கடையில் வண்டிக்கு ஆயில் வாங்கிய எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி எங்களுடையது. கம்பெனியின் இலவச சர்வீஸ் முடிந்ததும் நானும் கணவரும் அவர் கடைக்குப் போனோம். "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயிலாக் குடுங்க" என்றார் கணவர். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஓட்டுறது யாரு?"

"நான்தான்க்கா."

"அப்ப வண்டியோட புத்தகத்தை எடுத்தாங்க டீச்சர். வெயிலையும் கணக்குப் பண்ணித்தான் கம்பெனிக்காரன் எழுதியிருப்பான்."

அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டென்றும், அதற்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்றும் விளக்கினார். வண்டி வாங்கி இரண்டு வருடமாகியும் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முருகன் ஆயிலை மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் கோவில்பட்டியில் என் நாத்தனார் மகளின் கல்யாணம்; எந்த மண்டபம் என்பதுவரை கடையில் பேச்சோடு பேச்சாக அக்காவிடம் சொல்லியிருந்தேன். மேளச் சத்தத்தில் போனை யாரும் கவனிக்கவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தபோது மண்டப வாசலில் அக்கா நின்றார். ஒரு கையில் டின். பின்னால் சாமான் பையோடு முருகன். பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

"நேத்து ஊத்துனது உங்க வண்டிக்கு உள்ளது இல்ல டீச்சர். நம்பரு ஒண்ணுதான், வகை வேற. பக்கத்து டின்னை எடுத்துக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"வண்டி நல்லாத்தானே ஓடுது? ஊருக்கு வந்து மாத்திக்கிட்டா ஆகாதா?" என்றார் கணவர்.

"இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. இப்படியே குத்தாலம், அங்கன இங்கனன்னு போயிருவீக. ஆறு மாசம் கழிச்சு வடிகட்டி அடைச்சு நிக்கும். அப்ப என்னை யாரும் கேக்கப் போறதில்ல. அதான் வந்தேன்."

கை கழுவ வந்த உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். "பொம்பளை ஆயில் யாவாரம் பாத்தா இப்படித்தான்!"

அக்கா திரும்பிப் பார்த்தார். "டின்னு மாறுறது எல்லாக் கடையிலயும் நடக்குறதுதான் அண்ணாச்சி. தேடி வந்து சொன்ன கடை ஒண்ணு சொல்லுங்க, பாப்போம்."

அந்த உறவுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பட்டுச்சேலைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, முருகன் வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்தார். புதிய டின்னின் லேபிளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அக்கா அதைத் திறக்கவிட்டார். இவர் எங்கள் ஊர்க்காரர் என்று அங்கே நின்ற எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. பிறகு அக்காவின் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனேன். பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன மாதம் அரையாண்டு விடைத்தாளில் ஒரு பிள்ளைக்குக் கூட்டல் தவறி மதிப்பெண் குறைத்துப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை வகுப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் அவள் அம்மாவிடம் என் தவறைச் சொன்னேன். அந்தத் தாய் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அப்படித் தேடிப் போய்ச் சொல்வதைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.