பிபின் பெயரில் ஒரு முழங்கால்

போன ஞாயிற்றுக்கிழமை ரெதீஷின் கல்யாணத்துக்கு எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தோம். கோல்கீப்பர் ரெதீஷ்தான் மாப்பிள்ளை, அதனால் அவன் வந்தே ஆகவேண்டும். விளையாட்டுத் துறை பி.டி. சார் வரவில்லை, ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டாராம். பிபினும் வரவில்லை, கத்தாரில் இருக்கிறான். உண்மையில் பிபின் எங்கள் கல்லூரியிலேயே படித்தவன் அல்ல. ஆனாலும் வராதவர்களில் அவனைச் சேர்க்காமல் எனக்கு எழுத வரவில்லை.

பந்தி முடிந்ததும் சர்ச் ஹாலுக்குப் பின்னால் கிடந்த மைதானத்தில் யாரோ ஒரு பந்தை உருட்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் போஸ்டுக்கு நடுவில் போய் நின்றான். பெண் வீட்டுக்காரர்கள் கவலையோடு பார்த்தார்கள்.

"லேய் பிபினே, எறங்குலே. ரெண்டு கிளாஸ் பாயசம் குடிச்சவனெல்லாம் ஓடுதான், ஒனக்கு என்னவாக்கும்?"

பிபின் என்று ரெதீஷ் கூப்பிட்டது என்னைத்தான். நான் எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பொறுப்பான ஆள் போல, ஓரமாக நின்றேன். யாரோ கணுக்காலில் வலி மருந்தை ஸ்ப்ரே அடித்தார்கள். அந்தக் குளிர்ந்த நெடி மூக்கில் ஏறியதும் என் வலது முழங்கால் தானாகவே கொஞ்சம் விறைத்துக்கொண்டது. இத்தனை வருடமாகியும் அதற்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. எனக்கும் அதன்மேல் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரைட் விங் ஆடியவன். வெட்டித் திருப்பி ஆடும் வித்தையெல்லாம் தெரியாது. பந்தைத் தட்டிவிட்டு அதன் பின்னால் ஓடத் தெரியும். திற்பரப்புக்கு மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு மேடும் பள்ளமும் ஓடிப் பழக்கம். அந்த ஓட்டத்துக்காகத்தான் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டுக் கொடுத்தார்கள். ஃபீஸ் கிடையாது. பதிலுக்கு ஒவ்வொரு வருடமும் அணித் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும், வருகைப் பதிவும் குறையக் கூடாது. இரண்டில் ஒன்று போனாலும் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அட்மிஷன் அன்று பிரின்சிபால் அறை வாசலில் அப்பா செருப்பைக் கழற்றி வைத்தார். போட்டுக்கொள்ளுங்கள் என்று பியூன் சொல்லியும் கேட்கவில்லை.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு எல்லாவற்றிலும் இருந்தது. பஸ் தாமதமானால் கவலை, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தூங்கிவிடுவேனோ என்று கவலை. முதல் வருடமே அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது. மைதானத்தில் மட்டும்தான் கவலைப்பட நேரம் இருக்காது.

அந்த முதல் வருடக் கிறிஸ்மஸ் சமயத்தில் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் செவன்ஸ் போட்டி. ஏழு பேர் ஆடும் ஆட்டம். கடற்கரை முழுக்க ஆள் நிற்கும், மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருப்பார். அந்த ஊர் அணியின் ரைட் விங் பிபின். அவனுக்கு அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் விசா மெடிக்கல். அணியை நடத்திய ஜெனிஷ் அண்ணன் ரெதீஷைப் பிடித்தார், ரெதீஷ் என்னைப் பிடித்தான். சீசன் நடக்கும்போது கல்லூரி ஆட்டக்காரன் வெளியே ஆடக் கூடாது, ஆடினால் அணியை விட்டு நீக்கம். எல்லோரும் ஆடுவார்கள், வேறு பெயரில். அது எங்கள் பக்கம் ஒரு வழக்கம் மாதிரி.

"பேரு பிபின். கேட்டா தலைய ஆட்டு, வாயத் தொறக்காத" என்றார் ஜெனிஷ் அண்ணன். "நீ பேசுனா மலைக்காரன்னு கண்டுபிடிச்சிருவாவ."

இரண்டாம் பாதியில் கோட்டோரமாகப் பந்தைத் தட்டிவிட்டு ஓடினேன். யாரும் தொடவில்லை. மணலில் கால் பதிந்தது, உடம்பு திரும்பியது, முழங்கால் முட்டு திரும்பவில்லை. உள்ளே பச்சைக் கம்பு ஒடிவது போல ஒரு சத்தம். மைக்கில் கேட்டது: "பிபின்... பிபின் போறார்... பிபின் விழுந்துட்டார்." யாருக்கோ அடிபட்டது போல நானும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஜெனிஷ் அண்ணன் நல்ல மனிதர். காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஸ்கேனுக்கு அவரே பணம் கட்டினார். அந்தப் பதற்றத்தில் கவுண்டரில் பெயர் கேட்டதும் பழக்கத்தில் பிபின் என்று சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன், சொல்லிக் கொடுத்தபடி. முட்டுக்குள் தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது என்று எழுதிய அந்த அறிக்கை, பிபினுடைய முழங்காலைப் பற்றியது.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தும் வாரக்கணக்கில் வகுப்புக்குப் போக முடியவில்லை. மருத்துவச் சான்று கொடுத்தால் வருகையில் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஊன்றுகோலோடு துறைத் தலைவர் மேடம் முன்னால் போய் நின்றேன்.

"இந்த பிபின் யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்போ ரெஜிஸ்டர்ல இருக்குது யாரு?"

"அதும் நான்தான் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சரியான பெயரில் வாங்கி வா, ஒரு வாரம் தருகிறேன் என்றார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த அக்கா அதைவிடத் தெளிவாக இருந்தார்: "பிபினுக்க ரிப்போர்ட்டத் திருத்தணும்னா பிபின் ஆதாரோட வரணும்." ஜெனிஷ் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வேணும்னா கெசட்டுல குடுத்து ஒனக்க பேர பிபின்னு மாத்திருவோமா மக்கா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் படபடப்பையும் வெப்ராளத்தையும் கூட்டியது.

உண்மையைச் சொன்னால் அணி போகும், அணியோடு சீட்டும். சொல்லாவிட்டால் வருகை போகும். கடைசியில் பி.டி. சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீயும் சொல்லல. இந்த செமஸ்டர் போச்சு, அத விடு. வருகைக்காக சீட்டு போவாம நான் பாத்துக்கிடுதேன். திருப்பிப் படி. ஓணம் கழிஞ்சு செலக்‌ஷன். ஓடுனா சீட்டு உண்டு. ஓடலேன்னா எனக்க கையில ஒண்ணும் இல்ல, கேட்டியா?"

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வெகு தூரம் தள்ளிக் கிடைத்தது. அதுவரை காத்திருந்தால் அணித் தேர்வு முடிந்துவிடும். தனியாரில் உடனே செய்வார்கள், பணம் வேண்டும். எங்களுக்கு வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட் உண்டு. ஐம்பத்திரண்டு ரப்பர் மரம். எஸ்டேட் வெட்டை முடித்துவிட்டு வந்து அம்மா அதையும் வெட்டுவாள். சிரட்டையில் உறைந்து நாறும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பதால் அவள் விரல் இடுக்கில் எப்போதும் அந்த வாடை இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அது வெட்கமாக இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த வாடை பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் மூச்சு நேராகும்.

"மரத்தக் குடுப்போம்" என்றாள் அம்மா.

"இன்னும் பத்து வருசம் பால் தருமே பிள்ளே" என்றார் அப்பா அவளிடம். "காலு செரியானாலும் இவன் ஓடுவான்னு என்ன நிச்சயம்?"

"ஓடலேன்னா நடந்தாவது காலேஜுக்குப் போவட்டு."

ஆபரேஷன் முடிந்ததும், ஒன்பது மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். ஓணத்துக்கு அத்தனை மாதம் இல்லை. நான் முட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு ஓடினேன். தேர்வன்று ஓடும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் பந்தைப் பார்த்து ஓடுவேன். இப்போது கால் விழப்போகும் இடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். பி.டி. சாரும் அதைக் கவனித்திருப்பார். பட்டியலில் என் பெயரை எழுதினார், சொந்தப் பெயரை. சீட்டு நின்றது.

அந்த சீசனில் மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் அதே முட்டு வீங்கியது. அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டேன். கடைசி வருடத்துக்குச் சார் எப்படிப் பட்டியலில் சேர்த்தார் என்று இன்று வரை கேட்கவில்லை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அரியர் நான்காவது முயற்சியில் போனது. இன்று நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் செருப்போடு உள்ளே போய் நாற்காலியில் உட்காருகிறேன், அந்த டிகிரியால்.

நான் விழுந்த கடற்கரை மைதானம் இப்போது இல்லை. கடல் அதை எடுத்துக்கொண்டது. கல்லைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். பையன்கள் மணிக்கு வாடகை கொடுத்து, வலை கட்டிய செயற்கைப் புல் டர்ஃபில் ஆடுகிறார்கள். மைக் இல்லை, யாரும் யார் பெயரிலும் ஆடத் தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் ரப்பரும் இல்லை. அன்னாசி போட்டிருக்கிறோம், அம்மா இப்போதும் வெட்டுக்குப் போகிறாள், அடுத்தவர் மரத்துக்கு மட்டும்.

ஐம்பத்திரண்டு மரத்துக்கும் வியாபாரி எண்ணித் தந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆஸ்பத்திரியில் கட்டியது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். மீதி இரண்டாயிரத்துக்கு, அப்பாவிடம் சொல்லாமல் மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப்போய், அம்மா எனக்கு ஒரு ஜோடி கால்பந்து பூட் வாங்கி வந்தாள்.