பயத்துக்கு ஒரு பன்

தோன் எலிகியோவை நான் முதலில் பார்த்தது எங்கள் புவெப்லா மலையூர் மருத்துவமனையில், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். மனைவி சிரிலா கையைப் பிடித்து நடத்திவந்தாள். கதவில் 'உணவு ஆலோசகர்' என்று பட்டத்தோடு என் பெயர்ப்பலகை. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நீதான் சாப்பாட்டு டாக்டரா? குரலக் கேட்டா சாப்பாடே கிடைக்காதவன் மாதிரி இருக்கே."

சந்தையில் லோத்தெரியா ஆட்டத்துக்குச் சீட்டு கூவுவது அவர் தொழில். சீட்டை உருவி, அதிலுள்ள படத்தைக் கிண்டலோடு கூவ வேண்டும்; காசு கட்டியவர்கள் தங்கள் அட்டையில் அந்தப் படத்தைக் குறிப்பார்கள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததிலிருந்து சேவலைக் கிளி என்றும் சாத்தானைச் சீமாட்டி என்றும் கூவி, இரண்டு முறை அடிதடி. ஆகஸ்ட் திருவிழாவுக்கு வேறு ஆளைப் பார்க்கப்போவதாகக் கமிட்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கண் டாக்டரோ, சர்க்கரை நூற்றெண்பதுக்குக் கீழே வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார். இவருக்கு முந்நூற்றுப் பத்து.

பட்டியல் போட்டேன். சோள ரொட்டி பத்திலிருந்து மூன்று. சோடா கூடாது. மாத்திரை தவறக்கூடாது. தினமும் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி வதக்கல். சாப்பிட்டதையெல்லாம் சிரிலா நோட்டில் எழுதிவந்தாள். படித்தால் சாமியார் சாப்பாடு. ஆறு வாரம் கழித்தும் இருநூற்றுத் தொண்ணூறு. கருவியைச் சந்தேகப்பட்டேன், மாத்திரையைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் நான் படித்த கல்லூரியையே சந்தேகப்பட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வராந்தாவுக்கு வந்தால், ரத்தம் எடுக்கும் முன்பே சிரிலா அவருக்குப் பன் ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வெறும் வயித்துலதானே வரச் சொன்னேன்?"

"வெறும் வயிறுதான். ஊசின்னா இவருக்கு நடுக்கம். பயத்துக்கு ஒரு பன்."

"அத ஏன் நோட்டுல எழுதல?"

"நீ சாப்பாட்டத்தானே எழுதச் சொன்ன. இது மருந்துல்ல."

எங்கள் பக்கம் நிலம் அதிர்ந்தாலும் நாய் துரத்தினாலும் முதலில் பன், அப்புறம்தான் 'என்ன ஆச்சு' என்ற விசாரணை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று என் அம்மாவும் ஒன்றை என் வாயில் திணித்துத்தான் அனுப்பினாள்.

"ஒரு நாளைக்கு எத்தன பயம் வரும்?" என்றேன்.

"லாரி ஹாரன், இடி, மருமகன் போன்..." விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சாறு."

"இவ 'ஒரு விஷயம் பேசணும்'னு கூப்பிடுவா," என்றார் எலிகியோ, மென்றபடி. "அதையும் சேத்துக்க."

பன்னை ஒழிக்கச் சொன்னால் என்னைத்தான் ஒழிப்பார்கள். அதனால் பயத்துக்கு அளவு வைத்தேன். வாரத்துக்கு ஒரு பயம், அதற்கு அரைப் பன். நிலநடுக்கம் என்றால் மட்டும் முழுசு. மற்றதுக்கெல்லாம் சும்மா பயந்துகொள்ள வேண்டியது.

"சும்மா பயப்படுறதுல என்ன இருக்கு?" என்றார்.

"உன் கண்ணு இருக்கு," என்றாள் சிரிலா. அவர் கையில் மிச்சமிருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் நூற்று அறுபத்தெட்டு. வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்தது.

தோன் எலிகியோவுக்கு இப்போது வயது அறுபத்தொன்பது. இடது கண்ணுக்கு நவம்பரில் நாள் கொடுத்திருக்கிறார்கள். திருவிழாவில் அவர்தான் கூவினார். ஞாயிறுதோறும் சந்தையிலும் அவர்தான். போன வாரச் சர்க்கரை நூற்று எழுபத்தொன்று. கண் டாக்டருக்கு அது போதும்; எனக்கு இன்னும் குறைய வேண்டும், சண்டை நடந்துகொண்டிருக்கிறது.